இரவு 9.40, கிழக்கே ஒரு விளக்கு

மழை விட்டு மூன்றாம் நாள்.
சோளியக்குடி சோதனைச் சாவடியில்
ஈசல் இறகுகளை ஊதித் தள்ளிவிட்டு
ஜெனரல் டைரியில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.
போன் அடித்தது.

"கடலோரக் காவலா?
கெழக்க ஒரு லைட்டு தெரியுது.
செவப்பு, பச்ச, நீலம், திரும்பச் செவப்பு.
அது எங்க போட்டான்னு மட்டும்
பாத்துச் சொல்லுங்க."

பெயர் முத்துராக்கு.
நேற்று விடியலில் டோக்கன் வாங்கிப் போன படகு
இன்று விடியலில் திரும்பியிருக்க வேண்டும்.

சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம்.
இரண்டும் சேர்ந்து தெரிந்தால்
படகு நம்மைப் பார்த்து நேரே வருகிறது.
பயிற்சியில் இது என் மண்டையில் ஏற
மூன்று வாரம் ஆனது.
அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொசுவர்த்தியைப் பற்றவைத்தபடி
எஸ்.எஸ்.ஐ. பூமிராஜ் கேட்டார்:
"எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?
ட்ரோனா இருந்தா
உடனே ராம்நாட்டுக்குச் சொல்லணும்."

கோபுர ஏணிக்குப் பதினெட்டுப் படி,
ஏழாவது இல்லை.
ஏறி வந்த மூச்சில் கை நடுங்க
பைனாகுலருக்குள் அந்த ஒளி
கோடாக இழுபட்டது.
கோட்டில் சிவப்பு ஒரு துண்டு,
பச்சை ஒரு துண்டு,
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டு.
படகு விளக்கு இப்படி மனம் மாறாது.
சிவப்பென்றால்
கரை சேரும்வரை சிவப்பு.

கொடிக்கம்பத்தோடு அதை ஒட்டவைத்து
ஒரு கண்ணை மூடி நின்றேன்.
கால் மணி நேரம்.
கிட்டே வரவில்லை, விலகவும் இல்லை.
நீட்டிய கையின் இரண்டு விரல் அளவு
மேலே ஏறியிருந்தது.
அதற்கும் மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக
நட்டுவைத்த மாதிரி மூன்று வெள்ளிகள்.
அவையும் அதே இரண்டு விரல்.
மூன்றையும் கோத்துக் கீழே கோடிழுத்தால்
இதில்தான் வந்து முட்டுகிறது.

சிரியஸ்.
பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வி.
இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் எது?
கோடிட்ட இடத்தைக் கோடாகவே விட்டு
எழுந்து வந்தவள் நான்.

அதற்கு நிறம் வெள்ளைதான்.
கடலை ஒட்டிக் கிடக்கும் கனத்த காற்று
குறுக்கே விழுந்து
அதை நொறுக்கி நொறுக்கித் தருகிறது.
சிவப்பும் பச்சையும்
இங்கே ஒட்டியவை.

"வெள்ளிம்மா அது. போட்டு இல்ல."

அந்தப் பக்கம் வாளியில்
தண்ணீர் விழும் சத்தம்.
பிறகு,
"வெள்ளி எதுக்குங்க
போட்டு லைட்டப் போட்டுக்கிட்டு நிக்குது?"

டைரியில் எழுதினேன்.
பதிவு எண்: இல்லை.
ஆட்கள்: இல்லை.
தூரம், கடல் மைலில்:
எட்டரை வருடம் ஒளி ஓடிவந்த தூரம்,
கட்டம் மிகச் சிறியது.
எல்லை: அந்தப் பக்கம் எழுந்தது.
அனுமதியின்றித் தாண்டிக்கொண்டிருக்கிறது.
விடியும்போது திருவாடானைப் பக்கம் சாய்ந்திருக்கும்.

எஸ்.எஸ்.ஐ. கடைசி வரிகளை அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.
அடித்த கோட்டுக்கடியிலும் வாசிக்க முடிகிறது.

தென்கிழக்கில் இன்னொன்று
அதே நிறங்களோடு கிளம்பியிருந்தது.
நல்லவேளை, அதற்கு யாரும் போன் செய்யவில்லை.

மூன்றரைக்கு வந்தது படகு.
பேட்டரி செத்து, எஞ்சின் செத்து,
காரங்காட்டுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவர,
ஒரு பொட்டு விளக்கில்லாமல்.
பைனாகுலரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
முதலில் கேட்டது
யாரோ இருமியது.

நாலு மணிக்குத் திரும்பவும் போன்.
"வந்துட்டாக. நாலு பேரும்.
ஒருத்தருக்குக் கையில வெட்டு, அவ்வளவுதான்."
ஓலைப்பாயைத் தட்டிப் போடும் ஓசை.
வைத்துவிடுவாள் என்றிருந்தேன்.

"நீங்க சொன்ன வெள்ளி...
உச்சி சாஞ்சு நிக்குதே,
வெள்ளையா, ஆடாம.
அதுதானா?"

வாசலுக்கு வந்து பார்த்தேன்.
"அதேதான்."

"கலரெல்லாம் எங்கங்க போச்சு?"